ஈரோட்டிலிருந்து வந்த அழைப்பு

கண்ணு,

போன வியாழக்கிழமை உன் சான்றிதழ்கள் இருக்கும் பச்சைக் கோப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, "எடுத்து வெச்சிரும்மா. இனி வேண்டாம்" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்கும். நீயோ மடித்த துணியைக் கொடுப்பவன்போலச் சாதாரணமாகச் சொன்னாய். இருபத்து மூன்று வயதுப் பையன் அப்படிச் சொல்லக் கூடாது. அன்றிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்கு முறை கிழித்தேன். நேரில் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் நான் பேசினால் என் உதட்டிலிருந்து உனக்குப் பாதிதான் கிடைக்கும், மீதியை நீ ஊகித்துக்கொள்வாய். அழுதுகொண்டே பேசினால் அந்தப் பாதியும் கிடைக்காது. உன் கைமொழியில் சொல்லலாமென்றால் எனக்கு அது தெரியாது. அது தெரியாமல் போனது என் தவறுதான். அதையும் இதில் எழுதுகிறேன்.

ஏழு நேர்காணலுக்குப் போனோம், ஏழு பேரும் வேண்டாம் என்றார்கள் என்று நம்பித்தான் நீ கோப்பைக் கொடுத்தாய். ஏழு பேர் அல்ல. அதைச் சொல்லாமல் அந்தக் கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்ட எனக்குக் கை வரவில்லை. நேராக அந்த விஷயத்துக்கே போய்விடலாம். ஆனால் அப்படிப் போனால் ஏதோ ஒரு நாள் புத்தி தடுமாறிச் செய்ததுபோலத் தெரியும். அது உண்மையில்லை. கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்.

உனக்கு அப்போது மூன்றரை வயது. காதில் மெஷின் மாட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் சிங்காநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி உன்னைப் பேச்சுப் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். அங்கே இருந்த டீச்சர், "கையக் காட்டுனா ஒன்னும் குடுத்துராதீங்க. கை வந்துச்சுன்னா வாய் வராதுங்க" என்று சொல்லியிருந்தார். நல்லவர்தான். அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை எனக்குச் சொன்னார். நான் அவரைவிடத் தீவிரமாக அதைப் பிடித்துக்கொண்டேன். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் நீ விளையாடிவிட்டு வந்து, குடிப்பதுபோலக் கட்டைவிரலை வாயருகே வைத்துக் காட்டினாய். நான் டம்ளரில் தண்ணீரை எடுத்து, உனக்கு எட்டாத உயரத்தில் என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "தண்ணி, சொல்லு, தண்ணி" என்றேன். நீ மறுபடி கையைக் காட்டினாய். நான் உன் கையைத் தட்டிவிட்டேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. நீ அழுது, தரையில் உருண்டு, கடைசியில் எழுந்து குளியலறைக்குப் போய், கால் கழுவ வைத்திருந்த வாளியில் முகத்தைக் கவிழ்த்துத் தண்ணீர் குடித்தாய். நான் டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். உனக்கு இது ஞாபகமில்லை என்று நினைக்கிறேன். இல்லாமல் இருந்தால் நல்லது.

அடுத்த மாதமே நீ "தண்ணி" என்றாய். வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன். என்னைப் பாராட்டாத ஆளில்லை. மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த வேலையை உனக்காக விட்டவள் என்பதால் பாராட்டு இன்னும் கூடுதல். அந்தப் பாராட்டை நான் சாப்பாடு மாதிரி சாப்பிட்டேன் என்று இப்போது தெரிகிறது. நீ பாலிடெக்னிக் போன பிறகு, உன் மாதிரிப் பையன்களோடு சேர்ந்து கைமொழியைக் கற்றுக்கொண்டாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காந்திபுரத்தில், கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நீங்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். நீ ஏதோ கதை சொன்னாய், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் மகன் நகைச்சுவையாகப் பேசுவான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவன் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஊட்டுக்குள்ள அதெல்லாம் வேண்டாம் கண்ணு, பேச்சு கெட்டுப்போயிரும்" என்றேன். நீயும் சரியென்று தலையாட்டினாய்.

வேலை தேட ஆரம்பித்தபோது உன் விண்ணப்பத்தை நான்தான் தயார் செய்தேன். உனக்குக் காது கேட்காது என்பதை அதில் எழுதவில்லை. முதலில் கூப்பிடட்டும், நீ போடும் இயந்திர வரைபடங்களைப் பார்த்துவிட்டால் மற்றது தானாகச் சரியாகும் என்பது என் எண்ணம். தொடர்பு எண் என்ற இடத்தில் என் எண்ணைக் கொடுத்தேன். உன் அப்பா, "அவன் நம்பரப் போட்டு மெசேஜ் அனுப்பச் சொல்லு, போதும்" என்றார். "எந்தக் கம்பெனிக்காரன் மெசேஜ் அனுப்பறான்?" என்று நான் அடக்கிவிட்டேன்.

முதலில் போனது அந்தப் பம்புக் கம்பெனி. முதலாளி அறையில் நாம் மூன்று பேர். உன்னைப் பார்த்ததும் விஷயம் புரிந்து, ஒரு நொடி திகைத்தார். அதன் பிறகு அவர் உன்னைப் பார்க்கவேயில்லை.

"தம்பி நல்லா வரைவாருங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"நல்லா வரைவானுங்க."

"கோவம் கீவம் வருமுங்களா?"

"அதெல்லாம் வராதுங்க."

"சம்பளம் என்ன எதிர்பாக்கறாருங்க?"

எதிரே உட்கார்ந்திருக்கும் உன்னைப் பற்றி, நீ அங்கே இல்லாததுபோல ஒருவர் கேட்டார், நானும் பதில் சொன்னேன். நீ அவர் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரத்தில் டீயும் தேங்காய் பன்னும் வந்தன. உன் தோளில் கை போட்டு வாசல்வரை வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நாங்களே கூப்படறோமுங்க அம்மணி. நீங்க செரமப்பட்டு போன் பண்ண வேண்டாமுங்க" என்றார். நம் ஊரில் வேண்டாம் என்பதை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அந்த மரியாதையான குரல் இறங்கும் விதத்திலேயே இங்கே பிறந்தவர்களுக்கு விஷயம் விளங்கிவிடும். எனக்கு விளங்கியது. உனக்குக் கிடைத்தது அந்த முகம் மட்டும்தான். அது ஆமாம் என்று சொன்னது. பஸ்ஸில் நீ இரண்டு முழுக்கைச் சட்டை வேண்டும் என்றாய். நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், இறங்கி உனக்குச் சட்டை வாங்கித் தந்தேன். நீ பதினோரு நாள் காத்திருந்தாய். கடைசியில், "அவரு சிரிச்சாரேம்மா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நீ யார் சிரித்தாலும் நம்புவதில்லை. முகத்தைப் படித்தே வாழ்கிற ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இனி யாராவது சிரித்துக்கொண்டே வழியனுப்பினால், முடிவை எழுதித் தரச் சொல். பேனாவைப் பிடித்துவிட்டால் மனிதர்கள் அவ்வளவு இனிப்பாகப் பொய் சொல்ல மாட்டார்கள்.

அதன் பிறகு ஒன்று, கணினி வழியாக. கேட்டவர் கடைசிவரை தன் கேமராவைப் போடவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய், நான் பின்னால் நின்று அவர் சொன்னதைத் தாளில் எழுதிக் காட்டினேன். ஒன்றில் பத்துப் பேரைச் சேர்த்து உட்காரவைத்து விவாதிக்கச் சொன்னார்கள். நான்காவதும் ஐந்தாவதும் எனக்கு இப்போது ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இரண்டிலும் "கம்யூனிகேஷன்" என்ற ஒரே சொல்லைச் சொன்னார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஆறாவது நம் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறை. வரைகிற வேலை கிடைக்காவிட்டால் மெஷினில் நிற்கிறேன் என்று நீயே சொன்னதால் போனோம். அந்த முதலாளி எழுந்து நின்று, "நான் ஒளிச்சுப் பேச மாட்டேனுங்க அம்மணி. டூல் ஒடையறதுக்கு முன்னால மெஷின் சத்தம் மாறுமுங்க. அது கேக்காத பையன நான் எப்படிங்க நிக்க வெக்கறது?" என்றார். அவர் வாயை நீ படித்துவிட்டாய். ஓடிக்கொண்டிருந்த மெஷினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாய். முதலாளி ஜாடை காட்ட, ஆபரேட்டர் வேகத்தைக் கூட்டினார். சத்தம் மாறியது எனக்குக் கேட்பதற்குள் உன் இன்னொரு கை மேலே எழுந்துவிட்டது. "அட, எனக்கு முன்னால புடிச்சுப்போட்டானே!" என்று முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் எடுத்துக்கொள்ளவில்லை. "கை கிய்யி போச்சுன்னா நாளைக்கு நீங்கதானுங்க வந்து என்ற சட்டையப் புடிப்பீங்க?" என்றார். உண்மைதான். பிடித்திருப்பேன். வீட்டுக்கு நடந்து வரும்போது நீ, "அவரு நல்லவரும்மா. மூஞ்சிக்கு நேரா சொன்னாரு" என்றாய்.

இனி ஈரோடு. போன ஆடி மாதம். தறிக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி. எனக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. தேதியை மாற்றச் சொல்லலாம் என்றேன். நீ கேட்காமல் பாசஞ்சர் ரயில் ஏறிப் போனாய். முதல்முறையாக நான் இல்லாமல் ஒரு நேர்காணல். சாயங்காலம் வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் எடுத்திருந்த படங்களைக் காட்டினாய். "நாலு தாளும்மா. ரெண்டு பக்கமும் எழுதுனோம்" என்றாய். அந்தக் கம்பெனி மேலாளர் உன்னைப் பார்த்ததும் ஒரு கற்றைத் தாளை எடுத்து நடுவில் வைத்து, ஆளுக்கொரு பேனா எடுத்துக்கொண்டாராம். 'இந்தத் துளையை ஏன் ஓரத்தில் போட்டீர்கள்?' என்று அவர் கையெழுத்து. கீழே உன் பதில். 'இந்தப் படத்தில் ஒரு தவறு வைத்திருக்கிறேன், முடிந்தால் பிடியுங்கள்' என்று அவர். 'ஒன்றல்ல, இரண்டு இருக்கிறது' என்று நீ. டீக்கு என்ன சைகை என்று அவர் கேட்டதையும், நீ காட்டியதை அவர் வெளியே இருந்த ஆளிடம் செய்து பார்க்க, அந்த ஆள் திருதிருவென்று விழித்ததையும் நடித்துக் காட்டினாய். எவ்வளவோ நாளுக்குப் பிறகு சிரித்தாய். நான், "யாராச்சும் கூட வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்குமில்ல கண்ணு?" என்றேன். "இல்லம்மா" என்றாய், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

நான்காம் நாள் காலை என் போனுக்கு அழைப்பு வந்தது. நீ குளித்துக்கொண்டிருந்தாய். பேசியவர் அந்த மேலாளர்தான்.

"ஏனுங்க, தம்பியோட அம்மாங்களா? ஈரோட்டுல இருந்து பேசறேனுங்க. தம்பிய எடுத்துக்கறோமுங்க. ஆடி முடியட்டும், ஆவணி ஒண்ணாந்தேதி வந்து சேரச் சொல்லுங்க."

"தங்கறதுக்குங்க?"

"ரூமு இருக்குதுங்க. பசங்க மூணு பேரு இருக்கறாங்க, தம்பி நாலாவது ஆளு. ரயில்வே கேட்டத் தாண்டுனா கம்பெனி, நடந்தே வந்தர்லாமுங்க."

நான், "இல்லீங்க, அவனுக்கு இங்கயே ஒரு எடம் அமைஞ்சுபோச்சுங்க" என்றேன்.

அவர், "அப்படிங்களா... நல்லதுங்க. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டுமுங்க. நான் கேட்டேன்னு தம்பிகிட்டச் சொல்லுங்க" என்றார்.

நான் போனைக் கையில் வைத்தபடி நின்றேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, என் கையிலிருந்த போனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாய். "ஈரோடு. வேண்டாங்கறாங்க" என்றேன். இத்தனை வருடம் உனக்கு உதடு படிக்கப் பழக்கியவள் நான். எல்லா வாக்கியங்களையும்விட அந்த வாக்கியத்தைத்தான் தெளிவாக உச்சரித்தேன். நீ திருப்பிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாய். அந்த வாரம் காது மெஷினைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டாய். அதன் பிறகு காந்திபுரத்துக்கும் போகவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? ரயில்வே கேட் என்ற சொல்லைக் கேட்டதும் நான் பயந்துபோனது உண்மை. ஒன்பது வயதில் திருச்சி ரோட்டில் லாரி ஹாரன் உன் பின்னால் அலற, நீ பட்டம் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தாய். சட்டையைப் பிடித்து இழுத்ததில் உன் கழுத்தில் பட்ட கீறல் இன்னும் இருக்கிறது. கேட்பவர்களிடம் நான் இந்தக் காரணத்தைச் சொன்னால் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் இது பாதிதான். மீதியை எழுத முடியாமல்தான் நான்கு முறை கிழித்தேன். நான் கூட வந்த ஆறு இடத்திலும் உன்னை வேண்டாம் என்றார்கள். நான் இல்லாத ஒரே இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். அது எனக்குத் தாங்கவில்லை. இருபது வருடமாக என் வேலை என்ன என்று யாராவது கேட்டால், என் மகனுக்காகப் பேசுவது என்று சொல்லியிருப்பேன். அந்த மனிதர் ஒரு கற்றைத் தாளை வைத்து என் வேலையை முடித்துவிட்டார். பெற்ற பிள்ளை ஜெயித்ததில் ஒரு தாய்க்குப் பொறாமை வருமா என்று கேட்டால், வரும், எனக்கு வந்தது.

ஒரு வாரத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு ஆவணி பிறக்கட்டும், பிறகு தீபாவளி போகட்டும் என்று தள்ளினேன். நாள் ஆக ஆகச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. நீ விண்ணப்பம் போடுவதை நிறுத்தினாய், கணினியைத் திறப்பதை நிறுத்தினாய். நான் உனக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நேற்றுத்தான் உன் அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார். "ஏழு மாசமா அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான இருந்த?" என்றார். கை கழுவிவிட்டு வெளியே போனார். இன்று காலைவரை என்னிடம் பேசவில்லை.

இன்று அந்த மேலாளருக்குப் போன் செய்து, நான் பொய் சொன்னதைச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "அந்த எடத்துக்கு ஐப்பசியிலயே வேற ஆளப் போட்டுட்டோமுங்களே அம்மணி. இனி எப்ப ஆளு எடுப்போம்னு என்னால சொல்ல முடியாதுங்க" என்றார். பிறகு, "தம்பிக்கு இது தெரியுமுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன். "அதய மொதல்ல சொல்லுங்க. அவரு தான் தோத்துப்போயிட்டதா நெனச்சுக்கிட்டு இருப்பாரு" என்றார்.

அதனால் சொல்கிறேன். உன்னை வேண்டாம் என்று சொன்ன கம்பெனிகள் ஆறு. ஏழாவதாக வேண்டாம் என்றவள் உன் அம்மா. உன் வேலையைப் பற்றி உன்னிடமே கேட்ட ஒரே மனிதர் உன்னை எடுத்துக்கொண்டார். இதை நீ தெரிந்துகொள்ளாமல் உன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வரக் கூடாது. இனிமேல் எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நான் எழுத மாட்டேன். அந்த இடம் போய்விட்டது, என்னால் போனது. அப்படி ஒருவர் மறுபடி வருவார் என்பதற்கு என்னிடம் உறுதி எதுவும் இல்லை. டீயும் பன்னும் கொடுத்து அனுப்புகிறவர்கள் இன்னும் வருவார்கள். எனக்குத் தெரிந்த ஒரே உபாயம் இதுதான்: தனியாகப் போ. போய் உட்கார்ந்ததும் தாளையும் பேனாவையும் நீயே எடுத்து வை. அவர்கள் எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடு, அது உன் தோல்வியில்லை. விண்ணப்பத்தில் இருந்த என் எண்ணை நீக்கிவிட்டேன். அந்த இடத்தில் எதை எழுதுவது, காது கேட்காது என்பதை எங்கே எழுதுவது என்பதெல்லாம் இனி உன் முடிவு. நீ சரியென்று சொன்னால், பேச்சுப் பயிற்சி வகுப்பில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் அம்மாக்களுக்கும் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடுப்பேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடு.

நான் தாராபுரத்துக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைவரை அங்கே இருப்பேன். என்னைத் திட்ட வேண்டுமென்றாலும், நான் என்ன பதில் சொல்கிறேன் என்று தெரிந்துகொள்ள நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான்கு நாளாவது உனக்கு அது வேண்டாம். வந்த பிறகும் நீ பேசாமல் இருந்தால் அதற்குக் காரணம் கேட்க மாட்டேன்.

அந்த மேலாளரின் எண்ணைத் தனித்தாளில் எழுதி உன் மேஜையில் வைத்திருக்கிறேன். போனை வைக்கும் முன் அவர், "தம்பி எனக்கு ஒரு மெசேஜ் போடுவாருங்களா?" என்று கேட்டார். பதில் என் வாய்வரை வந்துவிட்டது. "தெரியலீங்க, அவனத்தான் கேக்கணும்" என்றேன். உன் சார்பில் நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

அம்மா